கெப்பிளரும் எட்டுக் கலையும்

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது இலக்கியப் பொருள் ஒன்றையே எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். நாம் தமிழ் கற்பிப்போமேயன்றிக் கணிதம் கற்பிப்போமல்லேம். ஆயினும், ஒருநாள் வகுப்பிலே மாணவனொருவன் பஞ்சாங்கத்தை நீட்டி, அதிற் செவ்வாய் வக்கிரம் என்றிருந்த இடத்தைச் சுட்டி, கோள் பின்னோக்கி நடத்தல் எங்ஙனம் கூடும் என வினவினான். வக்கிரம் என்ற சொல்லின் பொருளை எம்மாற் கூற முடிந்தது; காரணத்தைக் கூற நா எழவில்லை. மாலையிற் கணித ஆசிரிய நண்பரிடஞ் சென்று கேட்டறிந்தோம். அவர் தந்த விடை சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவ்விடையின் பின்னே நின்ற மனிதர் ஒருவரின் வரலாறோ எம்மைப் பல மாதம் விட்டபாடில்லை. அவரே யொகானசு கெப்பிளர்.

நண்பர் தந்த விடையை முதலிற் கூறிவிடுவோம். பூமி சூரியனை ஒருமுறை சுற்ற 365¼ நாள் ஆகின்றது; செவ்வாய்க்கு 687 நாள் வேண்டும். விரைந்து செல்லும் புகையிரதத்தில் இருப்போனுக்கு, அதே திசையில் மெல்லச் செல்லும் மாட்டுவண்டி பின்னோக்கிப் போவதாகத் தோன்றுமன்றோ? அவ்வாறே உட்சுற்றில் விரையும் பூமி வெளிச்சுற்றிலே தாமதித்து வருஞ் செவ்வாயைக் கடக்குங்கால், செவ்வாய் விண்மீன்களிடையே பின்னடைவதாக எமக்குத் தோற்றுகின்றது. 1543ஆம் ஆண்டில் வெளிவந்த கொப்பேணிக்கசின் நூல் இவ்வளவையும் விளக்கியது. எனினும், அந்நூலைக்கொண்டு செவ்வாய் இன்ன நாளில் இன்ன இடத்தில் நிற்குமெனக் கணித்தோர் சிலவேளை நாலைந்து பாகை பிழைபட்டனர். விளக்கம் சரி, கணக்குத் தவறு. இவ்விரண்டுக்கும் இடைநின்ற இடைவெளியிலேதான் கெப்பிளரின் வாழ்வு கழிந்தது.

அவர் 1571ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி, ஜேர்மனியின் தென்பாகத்தே வைல் என்னுஞ் சிற்றூரில், மாதம் நிறையாத மகவாகப் பிறந்தார். தந்தையார் கூலிக்குப் போர் செய்பவர். அடிக்கடி வீட்டைவிட்டுப் போனவர், ஈற்றில் ஒருமுறை போனபின் திரும்பவேயில்லை. தாயார் கத்தரீனா, விடுதி நடத்தியவர் ஒருவரின் மகள். இளமையிற் கண்ட அம்மைநோய் பிள்ளையின் கைகளை முடமாக்கிப் பார்வையையுங் கெடுத்தது. ஒரு பொருள் பலவாகத் தோன்றும் கண்களோடு வாழ்ந்த அவர் வானத்து நுண்மையை ஆராய வந்தமை வியப்பே. 1577இல் வால்வெள்ளி ஒன்று தோன்றியபோது தாயார் அவரை மேட்டு நிலமொன்றிற்கு அழைத்துச் சென்று காட்டினார். மூன்றாண்டின் பின் தந்தையார் சந்திரகிரகணத்தைக் காண வெளியே அழைத்தார். அவ்வீட்டிலே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கிடைத்த நற்பேறு இவ்விரண்டுமே என்று கூறினும் மிகையன்று.

ஏழைப் பிள்ளைகளுக்கு அந்நாட்டரசர் அளித்த உதவிநிதி அவரைத் தூபிங்கன் பல்கலைக்கழகம் வரை கொண்டுசென்றது. லுத்தர் மதப்பிரிவின் குருவாதலே அவர் நோக்கம். ஆங்குக் கணிதங் கற்பித்த மேசுத்திலின் என்பார் கொப்பேணிக்கசின் கொள்கையை அவருக்கு அறிமுகஞ் செய்தார். குருப்படிப்பு முடியுமுன்னரே, 1594இல், ஒஸ்திரியாவிலுள்ள கிராற்ஸ் நகரப் பாடசாலையிற் கணித ஆசிரியர் இறந்துபட, அவ்விடத்துக்கு இருபத்திரண்டு வயதுக் கெப்பிளர் அனுப்பப்பட்டார்.

அவர் நல்ல ஆசிரியரல்லர் என்றே தெரிகின்றது. முதலாண்டிற் சில மாணவரே வந்தனர். இரண்டாமாண்டில் ஒருவரும் வந்திலர். பாடசாலை மேலாளர் இதற்காக அவரைக் கடிந்திலர். கணிதம் எல்லார்க்கும் ஏற்ற உணவன்று எனப் பெருந்தன்மையோடு குறித்துவிட்டு, இலத்தீன் காவியமும் சொற்கலையுங் கற்பிக்குமாறு அவரைப் பணித்தனர். கணிதரை இலக்கியங் கற்பிக்க விட்டார்களாதலின், இலக்கிய ஆசிரியன் கணிதரைப் பற்றி எழுதுதலும் தகுமென்று நாம் துணிந்தோம்.

மாணவர் வந்த நாள்களுள் ஒன்று 1595ஆம் ஆண்டு யூலை 19. குருவும் சனியும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை விண்ணிற் சேருகின்ற இடங்களை வட்டமொன்றில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தபோது, அக்கோடுகள் உள்ளே மற்றொரு வட்டத்தைத் தாமாகவே உருவாக்கி நின்றதை அவர் கண்டார். கோள்களின் தூரங்கள் ஒழுங்கான திண்மங்களால் அமைந்தனவோ என்ற எண்ணம் மின்னலிட்டது. ஒழுங்கான திண்மங்கள் ஐந்தே. அக்காலத்தில் அறியப்பட்ட கோள்கள் ஆறு. ஆறு கோள்களுக்கு இடைவெளிகள் ஐந்து. ஒன்றனுள் ஒன்றாக அடுக்கினால் தூரங்கள் ஏறத்தாழப் பொருந்தின. இதனை 1596இல் நூலாக்கினார். கொள்கை முற்றும் பிழை. பின்னர் புதிய கோள்கள் கண்டறியப்பட்டபோது அதன் அடித்தளமே போயிற்று. ஆயினும் அந்நூலில் ஒரு கேள்வி இருந்தது. தொலைவிலுள்ள கோள் நெடுவழி செல்வது மட்டுமன்றி, மெதுவாகவும் செல்வதேன்? சூரியனிலே அவற்றை இயக்கும் ஏதோவொன்று இருத்தல் வேண்டும்; அது தூரத்தே நலிதல் வேண்டும். அதனை அவர் ஆன்மா என்று அப்போது எழுதினார். இருபத்தைந்தாண்டு கழித்து அந்நூல் மறுபதிப்பானபோது, ஆன்மா என்ற இடத்தில் விசை என்று கொள்க எனக் குறிப்பெழுதினார். ஒரு சொல்லை அழித்து மறுசொல்லை இட்டதே அவர் செய்தது. எனினும் வான்சாத்திரத்துக்குள்ளே பௌதிகம் புகுந்த வாயில் அதுவென்று நாம் கருதுகின்றோம். அதற்கு முன்னர் கோள்களின் வழியை வரைந்தனரேயன்றி, அவற்றைத் தள்ளுவது யாதென்று கணிதர் பெரும்பாலுங் கேட்டிலர்.

இந்நூலின் படியொன்று தைக்கோ பிராகி என்பார் கைக்குச் சென்றது. டென்மார்க்கைச் சேர்ந்த அப்பெருந்தனவான், தொலைகாட்டி தோன்றுமுன்னரே, பெருங் கருவிகள் அமைத்து இருபதாண்டுக்கு மேலாகக் கோள்களை அளந்து குறித்தவர். அவர்தம் அளவுகள் ஒன்றிரண்டு கலை அளவிலே திருத்தமானவை. ஈண்டுக் கலை என்பது ஆயகலையன்று. ஒரு பாகையின் அறுபதிலொரு கூறு. கையை நீட்டிச் சுண்டுவிரலை விண்ணுக்கெதிரே பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது 60 கலை. முழுமதியின் குறுக்களவு ஏறத்தாழ 30 கலை.

1600ஆம் ஆண்டு பெப்புருவரியிற் பிராக் நகரருகே இருவருஞ் சந்தித்தனர். செல்வர் ஒருவர், வறியவர் ஒருவர். அளவுகளை வைத்திருப்பவர் ஒருவர், அவற்றை விளங்கும் மூளையுடையவர் ஒருவர். தைக்கோ தம் குறிப்புகளை உணவு வேளையிற் சிறிது சிறிதாகவே வெளிவிட்டார். கெப்பிளர் சினந்து வெளியேறியதும், பின்னர் வருந்தி மன்னிப்புக் கேட்டு எழுதியதும் உண்டு. அவ்வாண்டிலேயே கிராற்ஸிலிருந்த லுத்தர் மதத்தார் கத்தோலிக்கராதல் வேண்டும், அன்றேல் ஊரைவிட்டு நீங்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. கெப்பிளர் மதமாற மறுத்துக் குடும்பத்தோடு பிராக் வந்து சேர்ந்தார். 1601 ஒக்டோபர் 24இல் தைக்கோ காலமானார். தம் வாழ்வு வீணாயிற்றென்று உலகம் எண்ணாதிருக்கவேண்டுமென்பதே அவர் இறுதிநாளிற் பிதற்றிய கவலை. அவர்தம் உரிமையாளர் அயர்ந்திருந்த வேளையில் குறிப்பேடுகளைத் தாம் கைப்பற்றிக்கொண்டதாகக் கெப்பிளரே பின்னர் ஒப்புக்கொண்டார். அச்செயலை நாம் நியாயப்படுத்த வரவில்லை. கைப்பற்றாதிருந்தால் என்னவாயிருக்குமென்று எண்ணவும் அஞ்சுகின்றோம்.

தைக்கோ அவருக்குக் கொடுத்த வேலை செவ்வாயின் வழியைக் காணல். எட்டு நாளில் முடிப்பதாகக் கெப்பிளர் பந்தயங் கட்டினார், ஐந்தாண்டுக்கு மேலாயிற்று. செவ்வாய் சூரியனுக்கு நேரெதிரே நின்ற நான்கு வேளைகளை எடுத்து, வட்டமொன்றை அவற்றினூடாகப் பொருத்த முயன்றார். ஒரு தடவை கணித்து, விடையைத் திருத்தி, மீண்டுங் கணித்து, இவ்வாறு எழுபது தடவை. அவர் வாசகரிடம், இது களைப்பூட்டுமாயின் எழுபது முறை செய்த எம்மீது இரக்கங் கொள்க என்ற கருத்துப்பட எழுதியிருக்கின்றார். முடிவில் தைக்கோவின் ஏனைய குறிப்புகளோடும் இரண்டு கலைக்குள் விடை பொருந்தியது. வேறொருவராயின் அன்றே நூலை முடித்து அச்சுக்கு அனுப்பியிருப்பர்.

அவரோ மற்றொரு வழியிற் சோதித்தார். திசையை மட்டுமன்றித் தூரத்தையும் நோக்கினார். தூரம் பொருந்தவில்லை. தூரம் பொருந்துமாறு வட்டத்தின் மையத்தை மாற்றினால் திசை பிழைத்தது. எவ்வளவு? எட்டுக் கலை. முழுமதியின் கால்வாசிக்குச் சற்று அதிகம். நீட்டிய சுண்டுவிரலின் ஏழிலொரு பங்கு. பண்டைக் கணிதர் பத்துக் கலையைப் பொருட்படுத்தியதில்லை. ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரு பக்கம், எட்டுக் கலை மறுபக்கம். தைக்கோவினும் சிறிது கவலையற்றவர் அளந்த அளவுகளாயின் அவ்வெட்டுக் கலையை அளந்தவர் பிழையென்று தள்ளியிருக்கலாம். தைக்கோவின் கருவிகளையும் அவர்தம் கவனத்தையும் நேரிற் கண்டவராதலின் கெப்பிளரால் அஃது இயலவில்லை. தாம் சண்டையிட்ட மனிதரின் சொல்லை நம்பி, தாம் எழுபது முறை கணித்த கணக்கைக் கிழித்தார். தம் பார்வை மங்கியவர் மற்றொருவர் கண்ணை இவ்வளவு நம்பினார்.

அடுத்து அவர் செய்தது எம் மாணவர் திரிகோணகணித வகுப்பிற் கற்பதே. கடனீரேரியின் அக்கரையில் நிற்கும் பனையின் தூரத்தை நில அளவையாளர் எவ்வாறு அறிவர்? இக்கரையில் ஈரிடத்தில் நின்று கோணம் அளந்து முக்கோணம் அமைப்பர். கெப்பிளருக்குப் பனையாய் உதவியது செவ்வாய். 687 நாளுக்கு ஒருமுறை செவ்வாய் தன் பழைய இடத்துக்கே திரும்பும். பூமியோ அந்நாளில் இரண்டு சுற்று முடிக்க ஏறத்தாழ 43 பாகை குறையும். ஆகவே, 687 நாள் இடையிட்ட குறிப்புகளைத் தேடி எடுத்தால், அசையாத ஒரு செவ்வாயைப் பூமியின் வெவ்வேறு இடங்களினின்று பார்த்ததற்கு ஒப்பாகும். சூரியன், பூமி, செவ்வாய் என்ற முக்கோணத்தின் கோணங்கள் கிடைக்கும். பூமியின் வழி புலனாகும். நிற்கும் நிலமே நகர்வதாயின் அந்நிலத்தை முதலில் அளத்தல் வேண்டுமென்பது அவர் கண்ட தந்திரம். பூமியுஞ் சூரியனை அணுகும்போது விரைந்தும், அகலும்போது தாமதித்தும் செல்கின்றதென்று அதனால் அறிந்தார். சூரியனையுங் கோளையும் இணைக்குங் கோடு சம காலத்திற் சம பரப்பைக் கடக்கும் என்ற விதி இதிலிருந்து பிறந்தது. அவ்விதியைக் காட்ட அவர் எழுதிய வழியில் இரண்டு பிழைகள் உள. ஒன்றையொன்று ஈடுசெய்து விடை மட்டும் சரியாயிற்று. பரீட்சையில் வழிக்குப் புள்ளி கிடைத்திராது.

வட்டம் அன்றெனின் வேறு யாது? முட்டை வடிவோவென்று ஓராண்டுக்கு மேல் அலைந்தார். வட்டத்துக்கும் உண்மைவழிக்குமிடையே இருமருங்கும் பிறைபோன்ற மெல்லிய இடைவெளி இருந்தது. ஆரையை 100,000 எனக் கொண்டால் அப்பிறையின் அகலம் 429. ஒருநாள் வேறு காரணத்துக்காக 5 பாகை 18 கலைக் கோணத்தின் சீக்கன் என்ற விகிதத்தைப் பார்த்தபோது அது 1.00429 என்றிருந்தது. அதே 429. உறக்கத்தினின்று எழுந்தவர்போல் ஆனேன் என்ற கருத்தில் அவர் எழுதுகின்றார். அதன்பின்னுங்கூடத் தடுமாறினார். சரியான சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதனை இன்னதென்றறியாது தள்ளிவிட்டு, நீள்வளையத்தை வேறு வழியாக முயன்று, ஈற்றில் இரண்டும் ஒன்றேயெனக் கண்டு தம்மைத் தாமே நொந்துகொண்டார். 1605இல் இது முடிந்தது. கோள் நீள்வளையத்திற் செல்லும். சூரியன் அதன் குவியம் ஒன்றில் நிற்கும்.

மாணவர்கள் பலகையொன்றில் ஈராணி அறைந்து, நூல்வளையம் இட்டு, எழுதுகோலால் இழுத்து நீள்வளையம் வரைந்து பார்க்கலாம். பாடநூற் படங்களிற் காணும் நீள்வளையம் வாழைப்பழம்போல் நீண்டிருப்பதால் பலர் ஏமாறுகின்றனர். செவ்வாயின் வழியை 100 அங்குல நீண்ட விட்டத்தோடு வரைந்தால், குறுகிய விட்டம் 99½ அங்குலத்திற் சற்றே கூடியிருக்கும். வட்டமன்றென்று கண்ணாற் கூறல் அரிது. சூரியன் மட்டும் மையத்தினின்றும் 4½ அங்குலத்துக்குச் சற்று மேலாக விலகி நிற்கும். வட்டமே தெய்விக வடிவம் என்று இரண்டாயிரமாண்டு நின்ற நம்பிக்கை இந்த அரை அங்குலத்துக்குத் தோற்றது. இவற்றைக் கூறும் அவர்தம் புதிய வான்சாத்திரம் 1609இல் வெளிவந்தது. தாம் வழிதவறிய இடங்களையெல்லாம் மறையாது அதில் எழுதியிருத்தலின் படித்தற்கு அரிய நூல். எமக்கு அதன்மேல் மதிப்பு மிகுவதும் அதனாலேயே.

பிராக் நகர வாழ்வில் ஒளியியலிலும் பெரும்பணி செய்தார். கண்ணின் பின்றிரையிலே உருவம் தலைகீழாக விழுமென்று 1604இல் விளக்கினார். கலிலியோ தொலைகாட்டி வழியே வியாழனின் சந்திரர்களைக் கண்டதும் முதலில் ஆதரித்தெழுதியோருள் அவரும் ஒருவர். ஆனால் 1611 கொடிய ஆண்டு. ஆறு வயது மகன் அம்மைநோயில் இறந்தான். மனைவி பார்பராவும் இறந்தார். ஆதரித்த பேரரசர் உறுதொல்பு முடி துறந்தார். கெப்பிளர் லின்ஸ் நகரஞ் சென்று மீண்டும் ஆசிரியரானார். அங்குத் தம் மதப்பிரிவினரே, அவர் தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாத வாசகமொன்றில் முழுமையாகக் கையொப்பமிட மறுத்தமைக்காக, நற்கருணையில் அவரைச் சேர்த்திலர். கத்தோலிக்கர் ஊரைவிட்டகற்றினர், லுத்தரர் கோயிலினின்றும் அகற்றினர்.

அவர்தம் தாயாருக்கு நேர்ந்தது இதனினுங் கொடிது. 1615இல் அயற்பெண் ஒருத்தி, கத்தரீனா கொடுத்த பானத்தால் நோயுற்றேன் எனக்கூறி அவரைச் சூனியக்காரி என்றாள். வயது முதிர்ந்த அம்மூதாட்டியை 1620 ஓகத்தில் சிறையிட்டுச் சங்கிலியாற் பிணித்தனர். மகன் லின்ஸிலிருந்து நெடுவழி சென்று வழக்கை நடத்தினார். சாட்சிகளின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நோய்க்கு இயற்கையான காரணங்காட்டி, முரண்களை வரிசைப்படுத்தி எழுதிய எதிர்வாதம் இன்றும் உளது. செவ்வாயின் குறிப்புகளைச் சோதித்த அதே முறை. வதைக்கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியபோதும் தாயார் இல்லாத குற்றத்தை ஒப்புக்கொண்டிலர். பதினான்கு மாதச் சிறைக்குப்பின் விடுதலையானார். ஆறு மாதத்துள் உயிர்நீத்தார். வால்வெள்ளியைக் காட்டிய தாய்க்கு மகன் செலுத்திய கடன் இது.

இவ்வழக்குத் தொடங்கிய பின்னரே, 1618 மே 15ஆந் திகதி, மூன்றாம் விதி அவருக்குத் தெளிவாயிற்று. மார்ச்சு 8இலேயே மனத்திற் றோன்றியது. கணக்கிற் பிழைவிட்டுத் தள்ளியிருந்தார். கோளொன்று சுற்றுங் காலத்தின் வர்க்கம், அதன் சராசரித் தூரத்தின் கனத்துக்கு விகிதசமம் என்பது விதி. பூமியின் தூரத்தை 1 எனவும் காலத்தை 1 ஆண்டு எனவுங் கொள்வோம். வியாழனின் தூரம் 5.2, அதன் கனம் 140.6. வியாழன் சுற்றுங் காலம் 11.86 ஆண்டு, அதன் வர்க்கம் 140.7. சனிக்குத் தூரம் 9.54, காலம் 29.46, இரண்டும் ஏறத்தாழ 868 ஆகும். மாணவர்கள் பெருக்கிப் பார்ப்பார்களாக. ஏன் இவ்வாறு பொருந்துகின்றதென்று கெப்பிளருக்குத் தெரியவில்லை. சூரிய விசை காந்தம் போன்றதென எண்ணினார், அது தவறு. 1687இல் நியூற்றன் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக நலியும் ஈர்ப்பிலிருந்து அவ்விதியை வருவித்துக் காட்டினார். பிற விண்மீன்களைச் சுற்றுங் கோள்களின் தூரம் இன்றும் இவ்விதியாலேயே கணிக்கப்படுகின்றது. அவர் பெயர் தாங்கி 2009இல் விண்சென்று 2018இல் ஓய்ந்த தொலைகாட்டி அத்தகைய கோள்கள் 2,600க்கு மேற் கண்டறிய உதவிற்று.

விதி தெளிவாகிய எட்டாம் நாள் பிராக்கில் அரச அலுவலர் சாளரத்தினின்று வீசப்பட, முப்பதாண்டுப் போர் மூண்டது. அப்போரிடையே கெப்பிளர் தைக்கோவுக்குக் கடன்பட்ட கோளட்டவணைகளைத் தொகுத்தார். நேப்பியர் 1614இல் வெளியிட்ட மடக்கை அவருக்குப் பெருந்துணையாயிற்று. கணக்குச் சுருங்கியதற்காகச் சிறுபிள்ளைபோல் மகிழ்தல் கணிதப் பேராசிரியர்க்கு அழகன்றென்று பழைய ஆசிரியர் மேசுத்திலின் முகஞ் சுளித்தாராம். கெப்பிளர் மடக்கைக்குத் தாமே நிறுவல் எழுதிவிட்டு மகிழ்ந்தார். 1626இல் உழவர் கிளர்ச்சிப்படை லின்ஸை முற்றுகையிட்டபோது அச்சகம் தீக்கிரையாயிற்று, கையெழுத்துப்படி தப்பியது. உல்ம் நகரில் 1627இல், பெரும்பாலுந் தம் பணத்திலேயே, அட்டவணைகளை அச்சிட்டார்.

அரசாங்கம் அவருக்குச் சேர்மதியாக வைத்திருந்த வேதனம் ஏறத்தாழ 12,000 புளோரின். அதனைக் கேட்கும்பொருட்டு 1630ஆம் ஆண்டின் கடைக்கூற்றிற் குதிரையேறி றேகன்ஸ்பூர்க்கு நகரஞ் சென்றார். காய்ச்சல் கண்டது. நவெம்பர் 15ஆந் திகதி, ஐம்பத்தெட்டாவது வயதிற் காலமானார். அவரைப் புதைத்த இடுகாட்டைச் சில ஆண்டுள் போர் அழித்தது. கல்லறை இருந்த இடம் இன்று தெரியாது.

இறக்குமுன் அவர் கணித்து வெளியிட்ட சிறுநூலொன்று, 1631 நவெம்பர் 7இல் புதன் சூரியனின் முகத்தைக் கடக்குமென்று அறிவித்திருந்தது. அத்தகைய காட்சியை அதுவரை ஒருவரும் உறுதியாகக் கண்டதில்லை. அந்நாட் காலையிலே பாரிசு நகரில் கசெண்டி என்பார் இருட்டறையிற் சூரியனின் உருவத்தைத் தாளொன்றில் விழச்செய்து காத்திருந்தார். மேகம் விலகியபோது சிறு கரும்புள்ளியொன்று தெரிந்தது. புதன் இவ்வளவு சிறிதாயிராதென்றெண்ணி, அதனைச் சூரியகளங்கமென்றே முதலிற் கொண்டார். சிறிது நேரஞ் சென்று பார்த்தபோது புள்ளி இடம்பெயர்ந்திருந்தது.